கடவுளை யாருமே பார்த்ததில்லை என்றால் அவர் தன்மை எப்படித் தெரியும்? (சண்டே ஸ்கூல் பையன் கேட்டது)

இடையன்குடி டீச்சர்:

எங்கள் ஊர்க் கோயிலில் ஆறு வருஷமாக சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். போன ஞாயிறு யோவான் முதல் அதிகாரம். "தேவனை ஒருவனும் ஒருக்காலுங் கண்டதில்லை" என்று வாசித்த உடனே கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஏழாம் வகுப்புப் பையன், அப்பா சவுதியில். "டீச்சர், ஒருத்தரும் பாக்கலன்னா அவரு அன்பானவரு, கோவப்படுவாரு, இதெல்லாம் யாரு சொன்னா?"

"வேதத்துல இருக்குல்லா" என்றேன்.

"வேதம் எழுதுனவங்களும் பாக்கலல்லா?"

நல்ல வேளை, மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புரட்டினேன். "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது" (சங்கீதம் 19). அப்புறம் எபிரெயர் நிருபத்தின் தொடக்கம்: முன்பு பங்குபங்காகவும் வகைவகையாகவும் தீர்க்கதரிசிகள் மூலமாகப் பேசினவர், கடைசி நாட்களில் குமாரன் மூலமாகப் பேசினார். எல்லாம் சரிதான், ஆனால் பையனுக்குப் பதிலாகச் சேரவில்லை. என்னிடம் இருக்கிற பாடப்புத்தகம் பொதுவான வெளிப்பாடு (கடவுள் இயற்கை வழியாகத் தம்மைக் காட்டுவது), சிறப்பான வெளிப்பாடு (வேதத்திலும் குமாரனிலும் காட்டுவது) என்று இரண்டு தலைப்புப் போட்டு ஆளுக்கொரு மனப்பாட வசனம் கொடுத்திருக்கிறது. அதை வைத்து அவன் வாயை அடைக்கலாம். எனக்கு அது வேண்டாம். பன்னிரண்டு வயசுக்கு எப்படிச் சொல்வது?

உவரிக்காரன்:

அக்கா, நான் ஆர்.சி. எங்கள் பக்கம் இயற்கையில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். படைப்பைப் பார்த்து, புத்தியைக் கொண்டே கடவுளை உறுதியாக அறிய முடியும் என்று எங்கள் ஆயர்கள் கூடிய முதல் வத்திக்கான் சங்கம் 1870-இல் சொன்னது. ஆதாரம் உங்களுக்கும் தெரிந்த ரோமர் 1:20தான். அந்த வசனத்தை நிதானமாகப் படியுங்கள். படைப்பிலிருந்து தெளிவாய்க் காணப்படுவதாக பவுல் சொல்வது நித்திய வல்லமையும் தேவத்துவமும். அன்பு என்ற சொல் அங்கே கிடையாது.

கடலில் போகிற வீட்டில் பிறந்தவனுக்கு இது விளங்கும். வல்லமை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று காலை, கடலை மட்டும் பார்த்துக் கடவுளின் குணத்தை எழுதச் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்போம்?

அதனால்தான் சபை அதோடு நிற்கவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாட்டைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. கடவுள் தம் அன்பினால் மனிதரிடம் நண்பர்களிடம் பேசுவது போலப் பேசுகிறார், செயலும் சொல்லும் ஒன்றோடொன்று பின்னி வருகின்றன என்கிறது அது. எகிப்திலிருந்து விடுவித்தது செயல், "உங்களை விடுவித்தவர் நானே" என்பது சொல். சொல் இல்லாவிட்டால் செங்கடல் பிளந்தது வெறும் காற்றின் வேலை என்று போயிருக்கும்.

படித்து பாதியில் விட்டவன்:

உவரி அண்ணாச்சி சொல்வதை எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1934-இல் சுவிட்சர்லாந்து இறையியலாளர் எமில் புருன்னர், இயற்கை வழியாகவும் கொஞ்சம் அறியலாம், அதற்கு மனிதனிடம் ஒரு தொடுபுள்ளி இருக்கிறது என்று எழுதினார். கார்ல் பார்த் எழுதிய மறுப்புக்குத் தலைப்பே "இல்லை!" அந்த வருஷத்தையும் கவனிக்க வேண்டும். ஹிட்லர் பதவிக்கு வந்து ஓராண்டு. ரத்தத்திலும் மண்ணிலும் கடவுளின் சித்தம் தெரிகிறது என்று ஜெர்மனியில் சபைக்குள்ளேயே ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருந்தது. கிறிஸ்துவை விட்டுவிட்டு வேறெங்காவது கடவுளைத் தேடினால் அவரவர் ஆசையைத்தான் கண்டுபிடிப்பார்கள் என்பது பார்த்தின் பயம். பையனிடம் இதெல்லாம் வேண்டாம், டீச்சருக்காகச் சொன்னேன்.

டவுன்வாசி:

நான் நெல்லையப்பர் தேர் வடம் பிடிக்கிறவன், சும்மா எட்டிப் பார்த்தேன். கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்று எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்வாள். உங்கள் வசனத்தின் முதல் பாதியும் அதுதானே? அப்படியிருக்க, "இன்ன தன்மையுடையவர்" என்று இவ்வளவு உறுதியாக எப்படிப் பேசுகிறீர்கள்? வம்புக்குக் கேட்கவில்லை.

பாளை தமிழையா:

கால்டுவெல் வாழ்ந்த ஊரிலிருந்து கேள்வி வந்திருக்கிறது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் போட்ட மனுஷர், இடையன்குடிக் கோயிலிலேயே அடக்கம் ஆனவர். ஆகவே இலக்கணத்தில் பதில் சொன்னால் கோபிக்க மாட்டார். முப்பது வருஷம் தமிழ் நடத்தின வாய், வேறு மாதிரி வராது.

டீச்சர், "தேவனுடைய தன்மை" என்கிறோம். தமிழில் தன்மை என்றால் இன்னொன்றும் உண்டு. தன்மை, முன்னிலை, படர்க்கை. நான், நீ, அவர். வானத்தையும் கடலையும் பார்த்துச் சொல்வதெல்லாம் படர்க்கை: அவர் பெரியவர், அவர் வல்லவர். இல்லாத ஒருத்தரைப் பற்றித் திண்ணையில் பேசுகிற மாதிரி. அதில் உண்மையும் இருக்கும், ஊகமும் இருக்கும். யாத்திராகமம் 3-இல் எரிந்தும் கருகாத முட்செடியிலிருந்து கடவுள் பேச, மோசே அவர் பெயரைக் கேட்கிறான். வந்த பதில் "இருக்கிறவராக இருக்கிறேன்." விடைத்தாளில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். "இருக்கிறவர்" படர்க்கை, "இருக்கிறேன்" தன்மை, இரண்டும் ஒரே வாக்கியத்தில். இப்போது படிக்கும்போது அந்த முட்டலில்தான் விஷயமே இருப்பதாகத் தோன்றுகிறது. அதுவரை "அவர்" ஆக இருந்தவர் "நான்" என்று வாய் திறக்கிறார். வெளிப்பாடு என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் உயிர் இதுதான் என்பது என் எண்ணம். நாம் கண்டுபிடித்ததல்ல, அவர் தன்னைத் தன்மையில் சொன்னது. அதைக் கேட்டபிறகுதான் நமக்கு முன்னிலை வாய்க்கிறது. ஜெபத்தில் "நீர்" என்கிறோமே, அது.

டவுன்வாசித் தம்பிக்கு: ஆச்சி சொன்னது சரி. அந்த வசனமும் முதலில் அதையே ஒத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே முடியவில்லை. "பிதாவின் மடியிலிருக்கிற ஒரேபேறான குமாரனே அவரை வெளிப்படுத்தினார்." மடி என்ற சொல்லைப் பாருங்கள். மடியில் கிடக்கிற பிள்ளைக்குத்தான் அப்பாவின் முகம் அவ்வளவு கிட்டத்தில் தெரியும். "வெளிப்படுத்தினார்" என்பதற்கு கிரேக்க மூலத்தில் உள்ள சொல் விவரித்துச் சொல்வதைக் குறிக்கும். ஆக, கண்டவரும் விண்டவரும் ஒரே ஆள் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். 'வந்தது மகன்தானே, அப்பா இல்லையே' என்று அடுத்து யாராவது கேட்பார்கள். 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கத்தில் சண்டை அதைப் பற்றித்தான். குமாரன் படைக்கப்பட்டவர் என்றார் ஆரியு என்ற குரு. பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று சங்கம் தீர்த்தது. வேறு தன்மையுள்ள தூதர் என்றால், அவரைப் பார்த்தது அப்பாவைப் பார்த்ததாகாது. "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்ற வசனமே நிற்காது.

இடையன்குடி டீச்சர்:

ஐயா, நேற்று வகுப்பில் சொன்னேன். முட்செடி என்றதும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்த் தேரியில், செம்மணல் மேட்டில், நிற்கிற உடைமரம்தான் ஞாபகம் வந்தது. "அது பத்துனா நிமிஷத்துல சாம்பல் டீச்சர்" என்றார்கள். எரிந்தும் கருகாத செடி என்ன அதிசயம் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்தப் பையனிடம் கேட்டேன்: "உங்க அப்பா போன்ல என்ன சொல்லுவாங்க?" "நான்தாம்ல, அப்படிம்பாங்க." "பேரு, வயசு, ஊரு எல்லாம் சொல்லுவாங்களா?" சிரித்தான். சரி, பிடித்துவிட்டான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்கிறான்: "எங்கப்பா குரலு எனக்கு முன்னாலயே தெரியும். மோசேக்கு அந்தக் குரலு எப்படித் தெரியும்?"

மறுபடி உங்களிடம்தான் வந்திருக்கிறேன்.

பாளை தமிழையா:

அவனை நம்ம கல்லூரியில் சேர்த்துவிடுங்கள்!

மோசேக்கும் தெரியாதுதான். அதனால் எட்டு வசனம் முன்னாலேயே, பெயருக்கு முந்தி, சொல்லிவிடுகிறார்: நான் உன் பிதாக்களுடைய தேவன், ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன். தெரியாத வீட்டு வாசலில் போய் நின்றால் நம்ம ஊரில் என்ன செய்வோம்? "உங்க தாத்தாவுக்கு வேண்டியவன்" என்போம். உள்ளே இருக்கிற ஆச்சி எட்டிப் பார்த்து, ஆமா என்பாள்.