ஷினோன் குகையில் நான் சொன்ன ஒரு சொல்: கபெர்னே ஃப்ரான் அனுபவங்கள்

பாதிக்கோப்பை

ஷினோன் என்பது பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் கபெர்னே ஃப்ரான் என்ற கறுப்புத் திராட்சையில் பெரும்பாலும் சிவப்பாகச் செய்யும் ஒயின், இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2022 அக்டோபர். ஷினோனுக்கு அருகே க்ரவான் என்ற ஊர்ப்பக்கம் ஏழு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம், கணவனும் மனைவியும்தான் எல்லா வேலையும். துஃபோ சுண்ணக்கல்லைக் குடைந்த குகை. சுவரெல்லாம் கரிபோலப் பூஞ்சணம். பெரியவர் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பீப்பாயின் துளைக்குள் விட்டு, மேல்முனையைப் பெருவிரலால் அடைத்துத் தூக்கி, என் கோப்பையில் இரண்டு விரற்கடை விட்டார். 2021ஆம் ஆண்டு ஒயின். மூக்கருகே கொண்டுபோனதும் பச்சைக் குடைமிளகாயை அப்போதுதான் நறுக்கியது போல ஒரு வாசனை. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையனைப்போல, "புவாவ்ரோன்!" (பிரெஞ்சில் குடைமிளகாய்) என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

பெரியவர் பெருவிரலை எடுத்தார். குழாயில் மிச்சமிருந்தது பீப்பாய்க்குள்ளேயே திரும்பி விழுந்தது. அடைப்பானை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டி இறுக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மாதான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த வருஷம் அப்படி" என்றார். அதே ஒயின் பாட்டிலில் அடைத்து வந்ததும் குற்ற உணர்ச்சியில் ஆறு வரவழைத்தேன். இன்னும் இரண்டு திறக்காமல் இருக்கின்றன. நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா?

தூர்_மாணவி

தப்புதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். 2021 ஏப்ரலில் நான் ஷினோனுக்குப் பக்கத்துத் தூர் நகரில் படித்துக்கொண்டிருந்தேன். தோழியின் சித்தப்பா தோட்டத்தில் உறைபனி விழப்போகிறது, ஆள் வேண்டும் என்று இரவில் அழைத்தார்கள். மெழுகு நிரப்பிய தகர வாளிகளை வரிசைக்கு வரிசை வைத்துக் கொளுத்த வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு நானூறு வாளி என்றார்கள். வாங்கியிருந்தது ஒரு ஹெக்டேருக்கு மட்டுமே. மற்ற நிலத்தை அப்படியே விட்டுவிட்டோம். மேலிருந்து பார்த்தால் கார்த்திகைத் தீபம் போல அத்தனை அழகு. பார்த்துக்கொண்டு நிற்கத்தான் யாருக்கும் மனமில்லை.

விடியும் நேரம்தான் மோசம். உறைந்த மொட்டின்மேல் வெயில் நேராகப் பட்டால் கருகிவிடும் என்று ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார் சித்தப்பா. மறுநாள் மாலை ஒரு மொட்டைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தேன். தேயிலைத் தூள்போல உதிர்ந்தது.

முதல் மொட்டு போனால் கொடி இரண்டாவதாகத் துளிர்க்கும். அதில் காய் கொஞ்சம், பழுப்பதும் தாமதம். அந்தக் கோடையும் குளிர்ச்சி. நீங்கள் முகர்ந்த குடைமிளகாய் அங்கிருந்து வந்திருக்கலாம். அந்தப் பெரியவருக்கு அது வாசனையாகத் தோன்றியிருக்காது.

கசடு

இருவருமே தேவையில்லாமல் உருகுகிறீர்கள். குடைமிளகாய் வாசனை குறையே அல்ல. பைரசின் என்ற வேதிப்பொருள் கபெர்னே ஃப்ரானின் தோலோடு பிறந்தது. லிட்டருக்கு 15 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். வெயில் பட்டால் குறையும், அதனால்தான் குலையைச் சுற்றி இலை கிள்ளுகிறார்கள். கபெர்னே ஃப்ரானின் பிள்ளைதான் கபெர்னே சோவின்யோன் திராட்சை (சோவின்யோன் பிளான் என்ற வெள்ளைத் திராட்சையோடு கலந்து பிறந்தது, 1997இல் மரபணுச் சோதனையில் தெரிந்தது). பிள்ளைக்கும் அந்த வாடை உண்டு. அந்தப் பிள்ளையை வளர்த்து ஒயின் செய்யும் போர்தோ வட்டாரத்துக்காரர்களிடம் போய் யாராவது மன்னிப்புக் கேட்கிறார்களா?

என் அனுபவம் சிறியது. 2005 ஷினோன் ஒன்றை விருந்துக்கு வந்த மைத்துனர் குலுக்கித் திறந்து, அடியில் கிடந்த வண்டலோடு எல்லோருக்கும் ஊற்றினார். முதல் வாயிலேயே ஆற்று மணல். அவ்வளவுதான்.

இனி கேளுங்கள். பழைய பாட்டிலை முதல்நாளே நிமிர்த்தி வையுங்கள். வீட்டுச் சூட்டில் பரிமாறாதீர்கள், குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள், 15 பாகை போதும். ஷினோன் வழியாக ஓடும் வியென் ஆற்றோரச் சரளை மண்ணில் விளைந்தது என்றால் இளசாகவே குடித்துவிடுங்கள். சுண்ணக்கல் சரிவு என்றால் பத்து வருடம்கூடப் பொறுக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது தக்கையின் கோளாறு, திராட்சையைத் திட்டாதீர்கள். மிளகாய்த்தூள் தூக்கலான ஆட்டுக்கறிக் குழம்போடு மட்டும் வேண்டவே வேண்டாம், துவர்ப்பும் காரமும் சேர்ந்து நாக்கைச் சுட்டுவிடும். மிளகுக் கோழி வறுவல் பரவாயில்லை.

வியென்கரை

கசடு அண்ணா, நீங்கள் புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறீர்கள், நான் அங்கே குனிந்து குலை வெட்டியவன். குறையா இல்லையா என்று தீர்மானிக்கிறவர் குடிக்கிறவர் அல்ல. அறுவடைக்கு வந்த எங்களை வரிசையில் நிறுத்திவிட்டு, முதலாளி அம்மா ஒரு பழத்தை வாயில் போட்டு மென்று, விதையை உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். ஓரத்தில் பச்சை. "இன்னும் நான்கு நாள்" என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான்கு நாள் கூலி போனதே என்று எனக்கு எரிச்சல். இரண்டாம் நாளே மழை. ஐந்தாம் நாள் போனபோது குலைகளில் சாம்பல் பூஞ்சணம்; அழுகிய பழத்தைக் கத்தரியால் ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்தோம். அந்த அம்மா எங்களோடு எங்கள் வரிசையிலேயே குனிந்திருந்தார், மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிமிரவில்லை. பச்சை வாசனை வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நான்கு நாள் சூதாட்டம். அந்த வருஷ வைன் எப்படி வந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. ஷினோன் என்று போத்தலில் இருந்தாலே நூறு சதவீதம் ஃப்ரான் என்று நினைக்காதீர்கள். பத்து சதவீதம் வரை அதன் பிள்ளையான கபெர்னே சோவின்யோனையும் கலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கள் முதலாளி அம்மா கலக்கமாட்டார். "ப்ரெத்தோன் மட்டும்" என்பார். அந்தப் பக்கத்துப் பழையவர்கள் ஃப்ரானை இன்னும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

பாதிக்கோப்பை

கசடு, மிளகுக் கோழி பற்றி நான் கேட்கவே இல்லை. ஆனாலும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துத்தான் நேற்று ஒன்றைத் திறந்தேன். குடைமிளகாய் இருக்கிறது, பின்னுக்குப் போயிருக்கிறது. முன்னால் பென்சில் சீவிய வாசனை, கொஞ்சம் புளிப்புச் செர்ரி. நல்ல ஒயின். அன்றைக்கு இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தூர்_மாணவி, உறைபனியில் கருகிய மொட்டுக்குத் தோட்டக்காரர்கள் பிரெஞ்சில் என்ன சொல்வார்கள்? அகராதிச் சொல் வேண்டாம்.