நிராகரித்தவரிடமே முறையிட வேண்டிய நிலை

பெங்களூரு பீன்யாவில் மின் பேனல் போர்டு தயாரிக்கும் சிறு பட்டறையை நடத்திவரும் எனக்கு, கர்நாடக அரசின் டெண்டர்களும் மத்திய அரசு நிறுவனங்களின் டெண்டர்களும் பழக்கமானவை. நம்மைத் தகுதியற்றவர் என்று தள்ளிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதில்தான் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

இங்குள்ள மத்திய அரசு நிறுவனம் ஒன்று, தகுதிச் சான்றுகளை ஓர் உறையிலும் விலையை மற்றோர் உறையிலும் தரும் இரண்டு உறை முறையில் கோரிய டெண்டரில் கலந்துகொண்டோம். தகுதி பெற்றவரின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். குறிப்பிட்ட ஆம்பியர் திறனுக்குக் குறையாத போர்டுகளை ஒரே கொள்முதல் ஆணையின்கீழ் வழங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குரிய ஆணையையும் பணிநிறைவுச் சான்றையும் இணைத்திருந்தோம். ஆயினும் இணையதளத்தில் 'தொழில்நுட்பத் தகுதி இல்லை' என்ற ஒற்றை வரிதான் வந்தது. எங்கள் விலை உறை திறக்கப்படவே இல்லை. நிராகரிப்புக்கான காரணத்தைக் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்று மத்திய அரசின் செலவுக்கும் கொள்முதலுக்குமான 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 173-ஆவது விதி கூறுவதால், அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். 'சான்று ஏற்கத்தக்கதாக இல்லை' என்று பதில் வருவதற்குள் பணி ஆணை வேறொருவருக்குப் போய்விட்டது. பதிலில் கையெழுத்திட்டிருந்தவர் மதிப்பீட்டுக் குழுவிலும் இருந்த அதே அதிகாரி.

உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்தான். ஆனால் டெண்டர் வழக்குகளில் முடிவெடுத்த முறையைத்தான் நீதிமன்றம் ஆராயும், முடிவு சரியா தவறா என்பதை அன்று என்பது 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. வழக்குச் செலவோ சிறு பட்டறைக்குத் தாங்காது.

மாநில டெண்டர் ஒன்றில் நிலைமை வேறாக இருந்தது. கர்நாடகத்தின் 1999-ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் வெளிப்படைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழிவிடுகிறது. நாங்கள் செய்த மேல்முறையீடு தள்ளுபடியானது. எனினும் எங்கள் தரப்பைக் கேட்டு, எந்த நிபந்தனையில் குறைபட்டோம் என்பதைப் பத்தி பத்தியாக எழுதிய உத்தரவு கைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைச் சட்டம் இருக்கிறது.

மத்திய அரசிடம் இருப்பவையோ இத்தகைய சட்டம் அல்ல, பொது நிதி விதிகள் போன்ற நிர்வாக விதிகளே. சுயேச்சையான குறைதீர்ப்புக் குழுவுக்கு இடமளித்த பொதுக் கொள்முதல் மசோதா 2012-இல் மக்களவையில் அறிமுகமாகி, 2014-இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. அதை மீண்டும் கொண்டுவரும்போது, மேல்முறையீடு முடியும்வரை பணி ஆணை வழங்கக் கூடாது என்ற விதியையும் அவசியம் சேர்க்க வேண்டும். வேலை தொடங்கிய பிறகு கிடைக்கும் நியாயத்தால் பட்டறைக்கு ஒரு ஆர்டரும் வராது.