அப்பாவுக்கு இட்லி இறங்குது, தண்ணி குடிச்சா புரை ஏறுதுங்க

செவ்வாய்பேட்டை மகள்:
வணக்கங்க. அப்பாவுக்கு 67 வயசு. நாப்பது வருஷம் ஊதுகுழல்ல தீயை ஊதி வெள்ளிக் கொலுசு பத்த வெச்சு ஒட்டின வாய், இப்ப அரை டம்ளர் தண்ணிக்குத் திணறுது. ரெண்டு மாசம் முன்னாடி பக்கவாதம். மூணு வாரம் மூக்குல குழாய். அதை எடுத்துட்டு, "தண்ணி ஆகாரமா கொடுங்க"ன்னு ஒரே வார்த்தையில அனுப்பிட்டாங்க. நாங்களும் கஞ்சித்தண்ணி, காபி, கரைச்ச ரசம் சோறுன்னுதான் கொடுத்தோம். வாய்க்கு வாய் புரை ஏறுது. அம்மா உச்சந்தலையைத் தட்டி "யாரோ நினைக்கறாங்க"ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. சாம்பார் ஊத்தாத மெத்து இட்லின்னா ஒழுங்கா இறங்குது, அதுதான் புரியல. போன வாரம் ரெண்டு நாள் சாயங்காலம் காய்ச்சல் வேற. பக்கத்து வீட்டு அக்கா ஜவ்வரிசி மாவுல கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொல்றாங்க. கொடுக்கலாமா? இதுக்குன்னு வைத்தியம் இருக்குதுங்களா?

அம்மாபேட்டைக்காரன்:
காய்ச்சலை லேசா விடாதீங்க தங்கச்சி. எங்கம்மாவுக்கும் இப்படித்தான். தண்ணிதானே, சுலபமா போயிடும்னு நினைச்சோம். படுக்கையில சாய்ச்சு, மாத்திரைக்குத் தலையை அண்ணாத்தி ஊத்தினோம். நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரி. முதல்ல நெஞ்சுச் சளியை டாக்டர்கிட்ட காட்டுங்க, இன்னைக்கே.

ஸ்பீச் தெரபிஸ்ட், சேலம்:
அண்ணன் சொன்னது சரி, நெஞ்சைப் பார்க்கறதுதான் முதல் வேலை. வைத்தியமும் இருக்கு. விழுங்கறதைச் சரிபண்றதும் எங்க வேலைதான், பேச்சு மட்டும் இல்லை.

மெத்து இட்லி மென்னதும் ஒரே உருண்டையா மெதுவா நகரும். தண்ணி அப்படி இல்லை. பக்கவாதத்துக்கப்புறம் விழுங்கற அசைவு தாமதமாத் தொடங்கும். மூச்சுக்குழல் மூடறதுக்குள்ள தண்ணி ஓடிப் போயிடும். ரசம் சோறு இன்னும் கஷ்டம். வாய் சோத்தை மெல்லும்போதே ரசம் தொண்டைக்குப் போயிடுது.

இருமல் வர்றது உடம்பு தன்னைக் காப்பாத்திக்கறது. சிலருக்கு இருமலே வராம நுரையீரலுக்குப் போகும். குடிச்சதும் குரல் ஈரமா, கொழகொழன்னு மாறுதான்னு கேளுங்க. அது நிச்சயம் தெரிய, பேரியம் கலந்து கொடுத்து எடுக்கற வீடியோ எக்ஸ்ரே, இல்லைன்னா மூக்கு வழியா சின்ன கேமரா விட்டுப் பார்க்கற சோதனை தேவைப்படும்.

ஜவ்வரிசி நம்ம ஊர்ச் சரக்கு, அதனால இதை விளக்கமாவே சொல்றேன். முழு முத்தா வேண்டாம், அதுவும் ரசம் சோறு மாதிரிதான். மாவுக் கஞ்சின்னாலும் எச்சில் மாவுச்சத்தைக் கரைக்கும். வாயில பட்ட ஸ்பூன் கிண்ணத்துக்குத் திரும்பத் திரும்பப் போனா, கெட்டியா ஆரம்பிச்சது பாதியில நீர்த்துடும். கொஞ்சம் கொஞ்சமா தனிக் கிண்ணத்துல எடுத்துக் கொடுங்க. கெட்டியை அளக்க 10 மில்லி சிரிஞ்ச் போதும். பிஸ்டனைக் கழட்டி, முனையை விரலால மூடி 10 மில்லி ஊத்துங்க. விரலை எடுத்து 10 விநாடி ஓட விட்டுத் திரும்ப மூடுங்க. 1 முதல் 4 மில்லி வரை மிஞ்சினா லேசான கெட்டி, 4 முதல் 8 வரைன்னா அடுத்த நிலை. அப்பாவுக்கு எந்த நிலை, கெட்டி பண்ணணுமா வேண்டாமாங்கறதையே நேர்ல பார்த்துத்தான் முடிவு பண்ணணும். கெட்டித் தண்ணியைப் பலர் வெறுத்துக் குறைவாத்தான் குடிப்பாங்க, சிறுநீர் குறையுதான்னு பாருங்க.

நாற்காலியில நேரா உட்கார வைங்க. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீங்க. பல்லும் நாக்கும் தினம் ரெண்டு வேளை சுத்தம் பண்ணுங்க, வாயிலிருக்கற கிருமிதான் எச்சிலோட நுரையீரலுக்குப் போகுது. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கறது சிலருக்கு உதவும், சிலருக்கு ஆகாது. வீடியோ பார்த்து நீங்களா ஆரம்பிக்காதீங்க.

ஏற்காட்டு அம்மா:
என் பையனுக்கு மூணு வயசு, மூளை முடக்குவாதம். மடியில மல்லாக்கப் போட்டு சங்குல பால் ஊத்தினோம், எங்க பாட்டி காலத்துப் பழக்கம். நெஞ்சுல எப்பவும் கொர்கொர்னு சத்தம். வாராவாரம் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து கத்துக்கிட்டோம்: நிமிர்த்தி உட்கார வெச்சு, ஸ்பூனை நாக்கு மேல தட்டையா வெச்சு, அவனா உதட்டை மூடற வரைக்கும் காத்திருக்கணும். நான் ஊத்தக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆன பிள்ளை இப்ப அரை மணியில முடிக்கறான். காத்திருங்க அக்கா, அப்பா விழுங்கறதை.

செவ்வாய்பேட்டை மகள்:
எல்லாருக்கும் நன்றிங்க. அன்னைக்கே எக்ஸ்ரே எடுத்தோம், வலது பக்கம் சளி இருக்குன்னு மருந்து கொடுத்திருக்காங்க. தெரபிஸ்டும் வந்து பார்த்தாங்க. சிரிஞ்ச்ல 4க்கும் 8க்கும் நடுவுல நிக்கற கெட்டிதான் இப்போதைக்குன்னாங்க. வீடியோ எக்ஸ்ரே வியாழக்கிழமை. நேத்து கஞ்சியை அளந்தப்ப 6 மில்லி நின்னுச்சு. அப்பா சாப்பிட்டு வெச்ச மிச்சத்தை அதே சிரிஞ்ச்ல ஊத்தினேன். ஆறினா இன்னும் கெட்டியாகணுமே, 2 மில்லிகூட நிக்கல. அம்மா பக்கத்துல நின்னு பார்த்தாங்க. ராத்திரி அவங்களே ரெண்டு கிண்ணம் எடுத்து வெச்சாங்க.