புள்ளி எங்கே?

சிஎன்சி மெஷினுக்கு (புரோகிராம்படி தானே உலோகம் வெட்டும் மெஷின்) புரோகிராம் எழுதக் கற்க ஆரம்பித்து மூன்றாவது வாரம். மில்லிங் சென்டரில் ஒரு ஸ்லாட் (நீளப் பள்ளம்), ஆழம் 2 மில்லிமீட்டர். நான் அடித்த வரி: ஜி01 இசட்-2 எஃப்80. நேர்கோட்டில் 2 கீழே இறங்கு, வேகம் 80 என்று அர்த்தம். எண்ட்மில் (வெட்டும் டூல்) இறங்கியது, நடந்தது, ஏறிவிட்டது. ஜாபில் (வெட்டப்படும் துண்டில்) கீறல்கூட சரியாக விழவில்லை.

டூல் லெங்த் ஆஃப்செட்டை (டூலின் நீளத்துக்காக மெஷினில் பதியும் அளவு) தப்பாக எடுத்துவிட்டேன் என்று நினைத்து, அதை 2 மில்லி இறக்கினேன். மறுபடி ஓட்டினால் டெப்த் வெர்னியரில் கச்சிதமாக 2! ஒரே பெருமை. அடுத்து அதே டூலில் ஒரு பாக்கெட் (அகலக் குழி). அந்தப் பகுதியை சீனியர் அண்ணாவின் பழைய புரோகிராமிலிருந்து அப்படியே எடுத்திருந்தேன். அவர் இசட்-5. என்று புள்ளியோடு எழுதியிருந்தார். நான் இறக்கிய 2-ம் சேர்ந்து பாக்கெட் 7 மில்லி இறங்கியது. ஜாப் ஸ்கிராப்.

அண்ணா திட்டவில்லை. என் வரியில் விரலை வைத்து, "புள்ளி எங்கேடா?" என்றார். எங்கள் மெஷினில் புள்ளியில்லாத 2 என்றால் 2 மைக்ரான், அதாவது 0.002 மில்லி. பாராமீட்டரை (மெஷினின் உள் அமைப்பை) மாற்றினால் அதையே 2 மில்லியாகவும் எடுக்கும். அதனால் மெஷின் மாறினால் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

இப்போதெல்லாம் முதல் ஜாபுக்கு சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரிக்கும் நின்று ஓட்டுவது) ஆன், ராப்பிட் (வெட்டாமல் நகரும் வேகம்) 25 சதவீதம். திரையில் 'டிஸ்டன்ஸ் டு கோ'வை (அந்த வரியில் இன்னும் போக வேண்டிய தூரம்) பார்க்காமல் ஒரு வரியும் ஓட்டுவதில்லை. அன்று டூல் ஜாபுக்கு 2 மில்லி மேலே நின்றபோது அங்கே 4 என்று இருந்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் 2.002 என்று தெரிந்திருக்கும்.

* * *

இன்னொருவர்: எனக்குத் தவறு நடந்தது லேத்தில் (ஜாபைச் சுழற்றி வெட்டும் மெஷின்). ஃபேஸிங்குக்கு (ஜாபின் முனையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெட்டுவது) ஜி96 எஸ்150 போட்டேன். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 150 மீட்டராகவே இருக்க, விட்டம் குறையக் குறைய கண்ட்ரோல் சுற்றை ஏற்றிக்கொண்டே போகும். 50 மில்லி விட்டத்தில் நிமிடத்துக்கு 955 சுற்று. 5 விட்டத்தில் கணக்குப்படி 9,550. ஜி50 எஸ்2000 என்று சுற்றுக்கு உச்சவரம்பு போட மறந்திருந்தேன். சக் (ஜாபைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) ஊளையிட ஆரம்பித்ததும் எமர்ஜென்சியைத் தட்டினேன். ஜாப் குட்டையாக இருந்ததால் பிழைத்தேன்.

* * *

மூன்றாமவர்: என்னுடைய தவறு சின்னது, இதுவும் லேத்தில். விட்டம் 0.1 கூடுதலாக வந்தது. ஆரத்துக்குப் பாதிதானே என்று வேர் (wear) ஆஃப்செட்டில், அதாவது டூல் தேய்மானத்தைச் சரிக்கட்டும் அளவில், 0.05 குறைத்தேன். அளந்தால் இன்னும் 0.05 கூடுதல். சரி என்று அதிலும் பாதி குறைத்தேன். எங்கள் லேத்தில் எக்ஸ் அளவு என்றாலே ஆரம் அல்ல, விட்டம் என்பது மூன்றாவது தடவைதான் உறைத்தது.