தாத்தாவோட 80ஆம் கல்யாணத்துக்கு என்ன வாசிக்கலாம்? (எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு. அக்கா வாசிக்கறது செல்லோ, உக்காந்து வாசிக்கற பெரிய வயலின் மாதிரி. நான் பியானோ. சொனாட்டான்னா மூவ்மென்ட்னு சொல்ற பகுதிகளாப் பிரிச்சு எழுதின நீளமான பீஸ்.)

அக்கா: முடிவு பண்ணிட்டேன். ரக்மானினாஃப் எழுதின செல்லோ சொனாட்டா, ஜி மைனர். நாலு மூவ்மென்ட்டும் 🔥

நான்: அடிப்பாவி. பியானோ பார்ட்டைப் பார்த்தியா? உனக்கு ஒரு நோட்டுன்னா எனக்குப் பத்து. பன்னெண்டாவது பரீட்சை யார் எழுதறது?

அம்மா: எவ்வளவு நேரம் ஓடும்?

அக்கா: 35 நிமிஷம்

அம்மா: பந்தி 12 மணிக்கு. 20 நிமிஷத்துக்கு மேல கிடையாது.

அத்தை: ஏதாவது சினிமாப் பாட்டு வாசிக்கலாமே 🙏

மாமா: கண்ணு, செல்லோவுக்கு பீஸ் தேடறப்ப முதல்ல பியானோ பக்கத்தைத்தான் பார்க்கணும். செல்லோ கிட்டத்தட்ட ஆம்பளைக் குரல் உயரத்துல பாடும். பியானோவோட இடது கையும் அங்கயேதான் உலாத்தும். ரெண்டும் மோதினா அமுங்கறது செல்லோதான். பிராம்ஸோட இ மைனர் சொனாட்டாவை வெச்சு ஒரு கதை சொல்லுவாங்க. கூட வாசிச்சவர் "என் செல்லோ எனக்கே கேக்கல"ன்னு கத்தினாராம். பியானோல இருந்த பிராம்ஸ், "நீ குடுத்து வெச்சவன்யா"ன்னாராம்.

நான்: நான் பிராம்ஸ் கட்சி 😎

அக்கா: அப்ப பீத்தோவன் ஓபஸ் 69? ஆரம்பமே செல்லோ தனியாத்தான் வரும்.

மாமா: தங்கமான சொனாட்டா. ஆனா அதுவும் 25 நிமிஷம் வரும். ஒரு மூவ்மென்ட்டை மட்டும் வெட்டி எடுத்து வாசிக்கறது எனக்குப் பிடிக்காது, சொல்லிட்டேன்.

அக்கா: ஃபோரேவோட எலெஜி கையில ரெடியா இருக்கு. ஏழு நிமிஷம்தான்.

அம்மா: பேருக்கு என்ன அர்த்தம்?

அக்கா: ...இரங்கற்பா

அம்மா: நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரியா! வேண்டாம்.

மாமா: 😂😂 அதே ஃபோரேவோட சிசிலியென் எடு. தொட்டில் ஆடற மாதிரி போகும், நாலு நிமிஷம். முதல்ல சான்-சான்ஸோட அன்னம் வாசிச்சிரு.

அக்கா: அன்னமா? எல்லாரும் வாசிக்கறதுதானே மாமா.

மாமா: நல்லா இருக்கறதாலதான் எல்லாரும் வாசிக்கறாங்க. 1886ல விளையாட்டா எழுதின தொகுப்புல இருந்து வந்தது. பேரு கெட்டுடும்னு பயந்து, உசுரோட இருந்தவரைக்கும் மத்ததையெல்லாம் அச்சுக்கு விடல மனுஷன். இதை மட்டும்தான் விட்டார். பியானோ தண்ணி, செல்லோ அன்னம். தம்பி, தண்ணி சலசலன்னா அன்னம் மூழ்கிரும். பார்த்து வாசி.

நான்: கடைசியா ஆர்வோ பேர்ட் எழுதினது ஒண்ணு வாசிக்கலாமா? ஷ்பீகல் இம் ஷ்பீகல், 1978. எனக்கு மூணு மூணு நோட்டா மெதுவா வரும்.

அக்கா: உனக்கு ஈசின்னு கேக்கறியா?

நான்: ஈசியா? ஒரு விரல் தடுமாறினா மண்டபத்துக்கே தெரியும். ஒளிஞ்சுக்க இடமே கிடையாது.

அக்கா: அது வயலினுக்கு எழுதினதுதான், ஆனா செல்லோல இன்னும் நல்லா இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு சுரம் கூட்டிக்கிட்டே போய், திரும்பத் திரும்ப 'ஏ'ங்கற சுரத்துலயே வந்து நிக்கும். சரி, எனக்கு ஓகே.

மாமா: அன்னம் 3 + சிசிலியென் 4 + பேர்ட் 9 = 16 நிமிஷம். ரக்மானினாஃப் உன் தம்பி காலேஜ் போனப்புறம்.

தாத்தா: அனுப்பின மூணையும் கேட்டேன். அன்னம் ரெண்டு தடவை கேட்டேன். கடைசிப் பாட்டுல பாட்டி தூங்கிட்டா. அதை மொய் எழுதறப்ப வெச்சுக்குங்க.

அத்தை: மண்டபத்துலயே கீபோர்டு இருக்காம். பியானோ செலவு மிச்சம் 👍

நான்: எத்தனை கட்டை அத்தை?

அத்தை: 61ன்னு சொன்னாங்க

நான்: பத்தாது. 88 கட்டை, அழுத்தினா கனமா இருக்கணும். பெடலும் வேணும்.

மாமா: வாடகைக்குச் சொல்லிடறேன். மொய்ல கழிச்சுக்கறேன்.

அக்கா: எனக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒண்ணு. செல்லோ அடில இருக்கற முள் கிரானைட்டுல வழுக்கும், கீழ ஏதாவது விரிக்கணும்.

அத்தை: பவானி ஜமுக்காளம் மடிச்சுப் போடறேன். குத்தி ஓட்டை பண்ணினா புதுசு நீதான் வாங்கித் தரணும்.