அவசரம்: மின்ட் ஜூலெப் கசக்கிறது, கோப்பையில் பனியும் பிடிக்கவில்லை

லூயிவில்_வாசி (வியாழன், இரவு 9.40)

வணக்கம் நண்பர்களே. நாளை மறுநாள் டெர்பி. பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறத்தில் டிவியை வெளியே வைத்து வருடா வருடம் இருபது பேர் கூடுவார்கள். போன வருடம் கையை வீசிக்கொண்டு போனது உறுத்தியது. அதனால் "இந்த முறை ஜூலெப் என் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

இன்று ஒத்திகை பார்த்தேன். மூன்று முறை கலந்தேன், மூன்றையும் தொட்டியில் ஊற்றினேன். பச்சையாகக் கலங்கிக் கிடக்கிறது. புல்லை மென்றது போலக் கசப்பு. ஐந்து நிமிடத்தில் வெறும் தண்ணீர். படங்களில் கோப்பைக்கு வெளியே வெள்ளையாகப் பனி படிந்திருக்குமே, அதுவும் வரவில்லை. எல்லோரும் செய்வது போலத்தான் செய்தேன்: பர்பன் விஸ்கி, புதினா, சர்க்கரை, ஐஸ். எங்கே தவறு? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓக்_பீப்பாய் (மூத்த உறுப்பினர், 9.52)

ஒவ்வொரு மே மாதமும் முதல் வாரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. மேலே இருக்கும் தேடல் பெட்டி அலங்காரத்துக்கு வைத்ததல்ல. எந்த பர்பன், எத்தனை ப்ரூஃப் (அமெரிக்கக் கணக்கில் ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு), ஐஸ் எப்படி உடைத்தது, கோப்பை எதில் செய்தது, எதையும் சொல்லாமல் "எங்கே தவறு" என்று கேட்டால் சோழி உருட்டித்தான் சொல்ல வேண்டும்.

சும்மா_படிப்பவன் (9.58)

அவருக்குச் சனிக்கிழமை மானம் போகப் போகிறது, நீங்கள் தேடல் பெட்டியைக் காட்டுகிறீர்கள். ஜூலெப் என்றால் என்னவென்றே தெரியாத என் போன்றவர்களுக்கு யாராவது இரண்டு வரி சொல்லுங்கள். டெர்பி என்றால் எனக்குப் பெண்களின் பெரிய தொப்பிதான் ஞாபகம் வருகிறது.

நெல்லைக்காரி (10.05)

கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் சர்ச்சில் டவுன்ஸ் என்கிற மைதானத்தில், மே மாதம் முதல் சனிக்கிழமை நடக்கும் குதிரைப் பந்தயம்தான் டெர்பி. 1875லிருந்து நடக்கிறது. குதிரைகள் ஒன்றேகால் மைல் ஓடி முடிக்க இரண்டு நிமிடம்தான் ஆகும், கூத்து மட்டும் முந்தின நாளே தொடங்கிவிடும். 1938லிருந்து அந்தப் பந்தயத்தின் ஆஸ்தான பானம் ஜூலெப். அந்த இரண்டு நாளில் மைதானத்தில் மட்டும் சுமார் 1,20,000 கோப்பை போகுமாம். பர்பன், சர்க்கரைப் பாகு, புதினா, பொடித்த ஐஸ், அவ்வளவுதான் சாமான்.

தம்பி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். புதினாவை என்ன செய்தீர்கள்? தட்டினீர்களா, இடித்தீர்களா, அரைத்தீர்களா?

தண்ணி_லாரி (10.11)

எல்லோரும் புதினாவையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது? குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் வாடை ஐஸில் தங்கிவிடும். கென்டக்கியில் சாராயம் வடிக்கிறவர்கள் சுண்ணாம்புக்கல் ஊற்றுத் தண்ணீரைத் தேடிப் போனது சும்மாவா? அதில் இரும்பு இருக்காது. நான் எதற்குமே முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவேன்.

மாடித்தோட்டம் (10.20)

எனக்குப் புதினா வகையில்தான் சந்தேகம். ஜூலெப்புக்கு ஸ்பியர்மின்ட் வேண்டும். பெப்பர்மின்ட் என்றால் மென்தால் தூக்கலாக இருந்து, இருமல் மிட்டாயை விஸ்கியில் கரைத்தது போலாகிவிடும். ஸ்பியர்மின்டிலேயே "கென்டக்கி கர்னல்" என்று ஒரு ரகம் உண்டு, உங்கள் ஊர் நர்சரியிலேயே கிடைக்கும். இலை அகலமாக, சுருக்கமாக இருக்கும். நீங்கள் வாங்கியது எது? ஒரு படம் போடுங்கள்.

லூயிவில்_வாசி (10.34)

எல்லோருக்கும் நன்றி. புதினா இந்தியக் கடையில் வாங்கிய ஒரு கட்டு. மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று, கொஞ்சம் தண்ணீர் விட்டு. ஐஸ், ஃபிரிட்ஜ் கதவில் அழுத்தினால் விழுகிறதே அந்தப் பொடி. வெளியே கிண்ணத்தில் பிடித்து வைத்திருந்தேன். பர்பன் வீட்டில் இருந்ததுதான், 80 ப்ரூஃப். கோப்பை சாதாரண ஸ்டீல் கோப்பை. முந்தின பதிவில் இதையெல்லாம் சொல்லவில்லையா?

நெல்லைக்காரி (10.37)

மிக்ஸியா! தம்பி, அது ஜூலெப் இல்லை, பர்பன் விட்ட புதினாச் சட்னி. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

கசப்புக்குக் காரணம் இதுதான், வேறு எதையும் தேட வேண்டாம். புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேல்தோலில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது, லேசாக அழுத்தினாலே வந்துவிடும். இலையைக் கிழித்து அரைத்தால் உள்ளே இருக்கும் பச்சையும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் கறுத்தும் போகும்.

தனிக் கோப்பைக்கு என்றால் ஏழெட்டு இலையைப் பாகோடு போட்டு, மரக் கரண்டியின் பின்பக்கத்தால் நாலைந்து முறை அழுத்துங்கள். இலை முழுசாகவே இருக்க வேண்டும். இருபது பேருக்கு அதைச் செய்துகொண்டு நின்றால் பந்தயம் முடிந்துவிடும். பாகிலேயே ஊறவையுங்கள். ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு கைப்பிடி புதினாவைத் தண்டோடு போட்டு இருபது நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கோப்பைக்கு 15 மில்லி. ஒரு கப் சர்க்கரைப் பாகு இருபது பேருக்குக் கண்டிப்பாகப் போதும்.

அப்புறம், மேலே செருகும் கொத்தை உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் ஒரு முறை பட்டென்று தட்டிவிட்டுச் செருகுங்கள். ஸ்ட்ராவை அந்தக் கொத்தின் உயரத்துக்கே வெட்டிவிடுங்கள். உறிஞ்சும்போது மூக்கு புதினாவுக்குள் போக வேண்டும். ஜூலெப்பின் பாதி ருசி அங்கேதான் இருக்கிறது.

ரிச்மண்ட்_ராசா (10.49)

மேலே எல்லோரும் இதைக் கென்டக்கியின் சொத்து போலப் பேசுகிறீர்கள். 1803இல் லண்டனில் அச்சான ஒரு பயண நூலிலேயே, வர்ஜீனியாக்காரர்கள் காலையில் குடிக்கிற புதினா ஊறிய சாராயம் என்று ஜூலெப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. கென்டக்கியே ஒரு காலத்தில் வர்ஜீனியாவின் பகுதிதான், 1792இல் பிரிந்தது. பிள்ளை வீட்டில் குடித்தனம் போனது என்பதற்காகத் தாய்வீட்டை மறக்கலாமா?

ஓக்_பீப்பாய் (10.57)

அந்த வர்ஜீனியா பானத்தில் பர்பன் கிடையாது. 1862இல் நியூயார்க்கில் வந்த கலவை நூல்கூட ஜூலெப்புக்கு கோன்யாக் பிராந்தியைத்தான் ஊற்றச் சொல்கிறது. பர்பன் ஊற்றிப் பந்தயத்தோடு முடிச்சுப் போட்டது கென்டக்கி. வாஷிங்டன் வில்லர்ட் ஹோட்டல் மதுக்கூடத்துக்கு ஜூலெப்பைக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் ஹென்றி கிளேயும் கென்டக்கி செனட்டர்தான்.

ரிச்மண்ட்_ராசா (11.02)

ஹென்றி கிளே பிறந்தது வர்ஜீனியா ஹனோவர் கவுன்டியில்.

ஓக்_பீப்பாய் (11.04)

பிறந்த ஊரை வைத்துச் சரக்கைத் தீர்மானிப்பதில்லை. அப்படிப் பார்த்தால் டெர்பி மைதானத்தில் பல வருடம் ஜூலெப்புக்கு ஊற்றிய எர்லி டைம்ஸ் விஸ்கி கென்டக்கியில் வடித்ததுதான், ஆனாலும் அமெரிக்காவில் அதற்கு பர்பன் என்று லேபிள் ஒட்ட முடியவில்லை. அதில் ஒரு பகுதி பழைய பீப்பாயில் ஊறியது. பர்பன் என்றால் 51 சதவீதமாவது மக்காச்சோளம், உள்ளே கரித்த புது ஓக் பீப்பாய். சட்டம் அப்படி. இதையெல்லாம் நான் இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

சும்மா_படிப்பவன் (11.09)

பெயராவது யாருடையது?

நெல்லைக்காரி (11.13)

பெயர் இருவருக்கும் இல்லை. பாரசீகத்தில் குல் என்றால் ரோஜா, ஆப் என்றால் தண்ணீர். குலாப் அரபியில் ஜுலாப் ஆகி, ஐரோப்பாவுக்குப் போய் ஜூலெப் ஆனது. முதலில் மருந்தை விழுங்க வைக்கும் இனிப்புத் தண்ணீருக்குத்தான் அந்தப் பெயர். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீரும் இதுவும் ஒரே குடும்பம்.

பௌதிக_வாத்தியார் (11.21)

சண்டைக்கு நடுவே மன்னிக்கவும், பனி பற்றி யாரும் பேசவில்லை. வாசி சார், இரண்டு கேள்வி. கோப்பை "சாதாரண ஸ்டீல்" என்கிறீர்கள். காபி ஊற்றினால் வெளியே கை சுடுமா, சுடாதா? பாகு ஊற்றும்போது எவ்வளவு சூடு?

லூயிவில்_வாசி (11.26)

சுடாது சார், அதற்காகத்தானே வாங்கியது. பாகு அடுப்பிலிருந்து இறக்கியதும் ஊற்றினேன், சூடாக இருந்தால்தான் நன்றாகக் கலக்கும் என்று.

பௌதிக_வாத்தியார் (11.40)

சரி, இரண்டும் கிடைத்துவிட்டன.

அது இரட்டைச் சுவர்க் கோப்பை. உள்ளே குளிர் வெளியே வரக் கூடாது என்றே செய்தது. வெளிச் சுவர் அறையின் சூட்டிலேயே நிற்கும், விடியும்வரை காத்திருந்தாலும் பனி பிடிக்காது. ஜூலெப்புக்கு வெள்ளிக் கோப்பை சொல்வதற்குக் காரணம், வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளி எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கும் மேல். ஆனால் வெள்ளிக்கு எங்கே போவது? வீட்டில் மெல்லிசான ஒற்றைச் சுவர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறதா? தகடு மெல்லியதாக இருந்தால் வேலை நடக்கும். எண்ணெய்ப் பசை போக நன்றாகத் தேய்த்துத் துடைத்து, ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் கவிழ்த்து வையுங்கள்.

பனி எப்படி வருகிறது என்றால்: வெறும் ஐஸும் தண்ணீரும் பூஜ்ஜியம் டிகிரியில் நின்றுவிடும், வெளியே முத்து முத்தாக வியர்க்கும், அவ்வளவுதான். ஆல்கஹால் சேர்ந்தால் ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கலவையிலிருந்தே உறிஞ்சிக்கொண்டு மொத்தத்தையும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இழுத்துவிடும். ஐஸ்கிரீம் வாளியில் ஐஸோடு உப்புப் போடுகிறோமே, அதே கணக்கு. வெளியே வியர்த்தது அப்படியே உறைந்து வெள்ளையாகும். ஊற்றிவிட்டு நீளக் கரண்டியால் அரை நிமிடம் கலக்குங்கள், சுவர் மங்கிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். விரலை விளிம்பில் மட்டும் வையுங்கள், நடுவில் பிடித்தால் ஐந்து விரலும் அச்சாக விழுந்துவிடும். ஏசி போட்ட அறையில் காற்று வறண்டிருக்கும், கொல்லைப்புறத்தில் இன்னும் நன்றாகவே வரும்.

தண்ணீராவதற்குக் காரணம் சூடான பாகும், கிண்ணத்தில் பாதி உருகிக் கிடந்த ஐஸும். கட்டி ஐஸை ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு கனமான துணிப்பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் அடியுங்கள். கசியும் தண்ணீரைத் துணியே குடித்துவிடும். கோப்பை விளிம்புக்கு மேல் குவியும்வரை நிரப்புங்கள்.

தண்ணி_லாரி (11.44)

அந்தக் கட்டி ஐஸ் எந்தத் தண்ணீர் என்றுதான் இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஓக்_பீப்பாய் (வெள்ளி, காலை 7.15)

80 ப்ரூஃப் என்பது 40 சதவீதம்தான், இத்தனை பொடி ஐஸுக்கு அது தாங்காது. 100 ப்ரூஃப் வாங்குங்கள். லேபிளில் "பாட்டில்டு இன் பாண்ட்" என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். 1897 சட்டப்படி அது சரியாக 100 ப்ரூஃப், குறைந்தது நாலு வருடம் பீப்பாயில் இருந்தது. ஆளுக்கு 60 மில்லி, இருபது பேருக்கு 1,200. 750 மில்லி புட்டி இரண்டு போதும், கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை வர்ஜீனியாவுக்கு அனுப்பிவையுங்கள்.

ரிச்மண்ட்_ராசா (7.31)

அனுப்புங்கள், தாய்வீட்டுச் சீர் என்று வாங்கிக்கொள்கிறோம்.

நெல்லைக்காரி (7.50)

60 மில்லி 100 ப்ரூஃப் என்றால் நம் ஊர்க் கணக்கில் ஒரு லார்ஜையும் தாண்டும். இனிப்பும் குளிரும் சேர்ந்து காரம் தெரியாமல் இறங்கிவிடும். வண்டி ஓட்டுகிறவர்கள் யார் என்று முன்பே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே பாகில் சோடாவும் எலுமிச்சையும். அதையும் அதே டம்ளரில் கொடுங்கள், கேட்க மாட்டார்கள்.

மாடித்தோட்டம் (வெள்ளி, மாலை 6.02)

புதினா படம் இன்னும் வரவில்லை.

சும்மா_படிப்பவன் (ஞாயிறு, பகல் 11.20)

ஆள் என்ன ஆனார்? உயிரோடு இருக்கிறாரா?

லூயிவில்_வாசி (திங்கள், இரவு 10.48)

மன்னிக்கவும், நேற்று தலை தூக்க முடியவில்லை. பனி பிடித்தது! அம்மா போன முறை வந்தபோது கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர்கள்தான், வெள்ளை வெளேரென்று. கசப்பு இல்லை. ஐஸ்தான் பத்தவில்லை, பாதியில் கடைக்கு ஓடினேன். ஆறு டம்ளர் இன்னும் திரும்பி வரவில்லை, பக்கத்து வீட்டம்மா எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்கிறார். அக்காவுக்கும் வாத்தியாருக்கும் நன்றி.

தண்ணி_லாரி (11.02)

ஓடிப்போய் வாங்கியது கடை ஐஸா? பார்த்தீர்களா, அதனால்தான் ருசி வந்தது.

மாடித்தோட்டம் (11.09)

சார், அது ஸ்பியர்மின்டா இல்லையா?