விமானம் ஓட்டுவது உரிமையா, உரிமம் தரும் சலுகையா? அமெரிக்காவில் பறப்பவர்களின் அனுபவங்கள்

செஸ்னாக்காரன் (டெக்சஸ்):

ரேம்ப் செக் என்று விமானிகள் சொல்லும் திடீர்ச் சோதனை எனக்கு ஒரே ஒருமுறைதான் நேர்ந்தது. சிற்றூர் விமான நிலையம் ஒன்றில், வாடகைக்கு எடுத்த செஸ்னா 172-க்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோது, எஃப்ஏஏ (அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம்) ஆய்வாளர் ஒருவர் வந்து, முதலில் தம் அடையாள அட்டையைக் காட்டினார். பிறகு என் விமானி உரிமத்தையும் மருத்துவச் சான்றிதழையும் புகைப்படச் சான்றையும் கேட்டார். கேட்டால் காட்ட வேண்டும் என்பது விதி. உள்ளூர்க் காவலர் கேட்டாலும் அப்படித்தான். விமானிக்குத் தெரியாமல் ஆய்வாளர் விமானத்துக்குள் ஏறக் கூடாது என்பது அவர்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. அவர் கதவருகே நின்றபடியே பதிவுச் சான்றையும் பறக்கும் தகுதிச் சான்றையும் பார்த்துவிட்டு, காற்று வேகம் கூடிவருவதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்.

உடன் வந்த நண்பர், பறப்பது உன் உரிமை என்றால் இவர் எதற்காகத் தாளைக் கேட்கிறார் என்று வினவினார். சட்டத்தை எடுத்துப் படித்தபோது விடை இரண்டாகப் பிரிந்திருந்தது. அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 49-ஆம் தலைப்பில் 40103-ஆவது பிரிவு, வான்வெளியின் மீது முழு இறையாண்மையும் அரசுக்கே என்று கூறிவிட்டு, அடுத்த வரியிலேயே அந்த வான்வெளியைக் கடந்து செல்லும் பொது உரிமை குடிமக்களுக்கு உண்டு என்கிறது. ஆனால் விமானி எவற்றையெல்லாம் செய்யலாம் என்பதை வகுக்கும் விதிகள், அவற்றை உரிமத்தோடு வரும் சலுகைகள் என்றும், அவற்றுக்கு வரம்புகள் உண்டு என்றும்தான் குறிப்பிடுகின்றன. வழி உரிமை, ஓட்டுவது சலுகை என்று நான் புரிந்துகொண்டேன்.

இதில் எனக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. நான் எச்1பி விசாவில் இருப்பவன். குடிமகனுக்குச் சொன்ன அந்தப் பொது உரிமை எனக்குரியதன்று. பயிற்சியைத் தொடங்குவதற்கே டிஎஸ்ஏ எனும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் பாதுகாப்பு அனுமதி பெற வேண்டியிருந்தது. கிரீன் கார்டு வரும்வரை ஒரு விமானத்தை என் பெயரில் பதிவு செய்யவும் இயலாது. ஆக, நான் பறப்பது முழுக்க முழுக்க உரிமத்தின் பலத்தில்தான். எனினும் ஏடிசி எனும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களோடு பேசும்போது என் விசாவை யாரும் கேட்டதில்லை.

மலைக்காற்று (கொலராடோ):

உரிமைக்கும் சலுகைக்கும் இடையிலான கோடு எங்கே இருக்கிறது என்பதை, இதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பிறகுதான் நான் தெளிவாகப் பார்த்தேன். மருத்துவத் தரங்களை நிறைவு செய்பவர் சான்றிதழ் பெற உரியவர் என்று கூட்டாட்சி விமான விதிகளின் 67-ஆம் பகுதி திட்டவட்டமாகச் சொல்கிறது. அங்கே அதிகாரியின் விருப்பத்துக்கு இடமில்லை, கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் சிகிச்சை தேவைப்பட்ட இதய நாள நோய் இருந்தால் அந்தத் தரங்களை விட்டு வெளியே வந்துவிடுகிறோம். அதற்குப் பின் இருக்கும் வழி ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ் எனும் சிறப்பு அனுமதி; அதைக் கொடுப்பதும் மறுப்பதும் விமான மருத்துவத் துறைத் தலைமை மருத்துவரின் விருப்புரிமை. அதுவரை கேட்டுப் பெறும் நிலையில் இருந்த நான், அன்றுமுதல் விண்ணப்பித்துக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். டிரெட்மில் சோதனை முடிவுகள், மருத்துவமனைக் குறிப்புகள், மேலும் கேட்ட தாள்கள் எல்லாம் அனுப்பிய பிறகு சான்றிதழ் வந்தது. இதை மனக்குறையாக எழுதவில்லை. மூன்று பேரைப் பின்னாலும் பக்கத்திலும் ஏற்றிக்கொண்டு மலைகளுக்கு மேல் பறக்கப் போகிறவரின் இதயத்தைப் பற்றி யாராவது ஒருவர் கேட்கத்தான் வேண்டும்.

காத்திருந்த காலத்தில் கிளைடர் எனும் எஞ்சின் இல்லாத விமானத்தை ஓட்டினேன். கிளைடருக்கு மருத்துவச் சான்றிதழே தேவையில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் பாதுகாப்பாக ஓட்ட முடியாத உடல்நிலை தனக்கு இருப்பதாகத் தெரிந்தால் ஓட்டக் கூடாது என்ற விதி அங்கும் உண்டு. என் இதய மருத்துவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பின்னரே, அதுவும் பயிற்றுநரை உடன் வைத்துக்கொண்டுதான் ஏறினேன். இப்போது பேசிக்மெட் முறையில் பறக்கிறேன். நாடாளுமன்றம் 2016-இல் இயற்றிய சட்டத்தால் 2017 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது: 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கமான மருத்துவரிடம் பரிசோதனை, 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை இணையப் பாடம். என்னைப் போன்ற இதய நோயாளிகள் மட்டும், ஒருமுறையேனும் அந்த விருப்புரிமை வாசலைக் கடந்திருக்க வேண்டும்.

தும்பி (புளோரிடா):

என்னிடம் விமானி உரிமம் கிடையாது. ஆனாலும் வார இறுதிகளில் பறக்கிறேன். 1982-இல் வந்த, அதே விமான விதிகளின் 103-ஆம் பகுதியின்படி, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, வெற்று எடை 254 பவுண்டுக்குக் குறைவான, 5 கேலனுக்கு மேல் எரிபொருள் கொள்ளாத, 55 நாட் (knot) வேகத்துக்கு மேல் செல்லாத அல்ட்ராலைட் எனும் மிக இலகுவான பறக்கும் ஊர்திக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம், மருத்துவச் சான்றும் வேண்டாம். ஒருநாள் புல்வெளியில் இறங்கியபோது ஷெரிஃப் அலுவலகக் காவலர் ஒருவர் வந்து உரிமத்தைக் கேட்டார். நான் எப்போதும் வைத்திருக்கும் 103-ஆம் பகுதியின் அச்சுப் பிரதியைக் கொடுத்தேன். காரின் மேல் சாய்ந்து முழுவதையும் படித்துவிட்டு, இது என்ன விலை என்று கேட்டார்!

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் உயிருக்கு மட்டும் ஆபத்து என்றால் அரசு பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது. நெரிசலான குடியிருப்புகளுக்கு மேல் பறக்கக் கூடாது, கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் முன்அனுமதியின்றி நுழையக் கூடாது என்பவை மட்டும் மாறுவதில்லை.

பழைய பயிற்றுநர் (ஓக்லஹோமா):

மூவரும் உரிமத்தைப் பெறுவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை எப்படிப் பறிக்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. என்னிடம் பயின்ற ஒருவர், உரிமம் பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, ஓடுபாதையில் நிகழ்ந்த சிறு சம்பவத்துக்குப் பின் மறுதேர்வுக்கு அழைக்கப்பட்டார். 709 ரைடு என்று நாங்கள் சொல்வோம். எந்த விமானியையும் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் சோதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவர் நன்றாகவே தேறினார். ஆனால் அந்தக் கடிதத்தைப் பார்த்த நாளில் அவர் முகத்தில் இருந்த கலக்கம், அதுவரை உரிமையைப் பற்றிப் பேசிவந்தவரின் முகம்போல் இல்லை.

புகழ்பெற்ற வான்சாகச விமானி பாப் ஹூவரின் கதை எங்கள் ஊர் விமானிகள் எல்லோருக்கும் தெரியும். 1992-இல் ஓக்லஹோமா நகர வான்சாகசக் காட்சியில் அவர் பறந்ததைப் பார்த்த ஆய்வாளர்கள், எழுபது வயதான அவருடைய அறிவாற்றல் குறித்து ஐயம் எழுப்ப, அவருடைய மருத்துவச் சான்றிதழ் பறிபோனது. ஆஸ்திரேலியா அவருக்கு உரிமம் கொடுத்தது. அமெரிக்கச் சான்றிதழ் 1995-இல்தான் திரும்பக் கிடைத்தது. 2010-இல் டெக்சஸில் மூடப்பட்டிருந்த ஓடுபாதையில் இறங்கி விசாரணைக்கு ஆளான செனட்டர் ஜிம் இன்ஹோஃப், 2012-இல் விமானி உரிமைச் சட்டத்தை நிறைவேற வைத்தார். விசாரணை நடக்கிறது என்பதை விமானிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதற்குப் பதிலளிக்க அவர் கடமைப்பட்டவர் அல்லர், கூட்டாட்சி நீதிமன்றம் வரை செல்லலாம் என்பவை அதனால் வந்தவை. ஒரு செனட்டருக்கு நேர்ந்த பிறகுதான் இவையெல்லாம் நம் கைக்கு வந்தன என்பதில் எனக்குச் சிறு கசப்பு உண்டு.

ஆகவே அது சலுகைதான் என்றே நானும் சொல்வேன். ஆனால் காரணமும் விசாரணையும் இன்றி எடுத்துக்கொள்ள முடியாத சலுகை. அவசர ஆணையால் உரிமத்தை உடனே முடக்கினால், அந்த அவசரத்தை எதிர்த்து என்டிஎஸ்பி எனும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்திடம் மனு செய்ய ஆணை கைக்குக் கிடைத்ததிலிருந்து 48 மணி நேரமே உண்டு. மனுவின் மீது 5 நாட்களிலும் மேல்முறையீட்டின் மீது 60 நாட்களிலும் முடிவு வர வேண்டும். அதனால், அப்படி ஒரு கடிதம் வந்தால் கையெழுத்திட்டு வாங்கிய நேரத்தை உறையின் மேலேயே குறித்துக்கொண்டு, அன்றே வழக்கறிஞரை அழைக்குமாறு என் மாணவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.